ஒருக்களித்த கதவு

அவள் படுக்கையில் ஏறவில்லை.

மருத்துவமனை அங்கியில், வெறுங்காலோடு, மூளையைப் படமெடுக்கும் வட்ட இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு கதவைக் கைகாட்டினாள்.

"மொதல்ல அதைச் சாத்துங்க."

நீதிமன்றத்தில் கத்திப் பழகிய தொண்டை. மெதுவாகப் பேசு என்றால் எங்கே போகும்?

அங்கிருந்துதான் நேரே வந்திருந்தாள். கழற்றிக் கொடுத்த கறுப்புக் கோட்டை மகள் வடிவு சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டாள். இனி இது எதற்கு என்பதுபோல.

போன மாதம் எடுத்த மூளைப் படத்தில் இடப்பக்கம் மங்கல். மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம் என்றார் மருத்துவர்.

இருக்கலாமாம்!

நீதிபதி முன்னால் ஒருநாள் கட்சிக்காரரின் பெயர் வாயில் வராமல் போனது உண்மைதான். அதற்கு வீட்டில் ஒரு பெரிய பஞ்சாயத்து. இன்னொரு முறை படம் எடுப்பது, அதிலும் மங்கல் இருந்தால் கோட்டைக் கழற்றிவிடுவது. சரி என்று வாக்குக் கொடுத்திருந்தாள். கொடுத்தால் மீற மாட்டாள்.

ஆனால் மங்கல் தன் மூளையில் இல்லை, படம் எடுத்த விதத்தில்தான் என்பது அவள் கட்சி.

"அன்னைக்கு இந்தக் கதவு ஒருக்களிச்சுக் கெடந்துச்சு. வெளிய ஒரு பெரியவர் உக்காந்திருந்தாரு. எனக்குப் போட்ட அதே கதிர்வீச்சு ஊசியை அவருக்கும் போட்டிருந்தீங்க, முழங்கையில பஞ்சு. பசிக்கு, ஒரு வடையாவது தாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

இயந்திரத்துக்குப் பொறுப்பான ரோஸ்லின் சிரித்தாள். பொறுமையான சிரிப்பு.

"உங்க நெஞ்சுலயும் வயித்துலயும் இருந்து வர்ற கதிரே தலைப் படத்தைக் கலைச்சிரும்னுதான் தோள்ல ஈயக் கவசம் வைக்கோம். வெளியாள எப்படி மேடம் பக்கத்துல விடுவோம்?"

"ஊசி போட்டவங்க கைக்கொழந்தை பக்கத்துல போகக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? கொழந்தைக்கு ஆகாதது மிஷினுக்கு மட்டும் ஆகுமா?"

ரோஸ்லின் பதில் சொல்வதற்குள் வடிவு முந்திக்கொண்டாள்.

"எம்மா, அப்படி யாரும் இருந்திருக்க மாட்டாங்க. நீயா நெனச்சுக்கிடுத."

ஒரு மாதமாக இதே பாட்டு. அடுப்பை அணைத்தேன் என்றால், நீயா நெனச்சுக்கிடுத. பால்காரன் வந்தான் என்றால், நீயா நெனச்சுக்கிடுத.

பயமும் இருந்தது. ஒருவேளை அப்படி ஒரு மனிதரே இல்லையென்றால்?

குரலை இறக்கவில்லை. சக்கர நாற்காலியைப் பிடித்தபடி நின்ற ஊழியர் சுடலைமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

"அவருக்கு நாற்காலி போட்டது நீங்கதான?"

சுடலைமுத்து பிடரியைச் சொறிந்தார். ரோஸ்லினைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"காத்திருக்க ரூம்ல ஏசி ஓடல மேடம். பெரியவருக்கு வேர்த்து ஊத்துச்சு. சும்மா கொஞ்ச நேரந்தான்..."

ரோஸ்லின் முகத்தில் சிரிப்பு இல்லை. ஈயக் கவசத்தை அவளே தூக்கி வந்தாள். எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள்.

வடிவின் அம்மா இப்போது படுக்கையில் ஏறிப் படுத்தாள். கவசம் தோளை அழுத்தியது. நல்ல கனம்.

கட்சிக்காரரின் பெயர் இன்னும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். வடை கேட்டவர் இருந்தாரா இல்லையா?

படம் என்ன சொல்லுமோ, தெரியாது. அதைச் சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வடிவு கடைசியாக வெளியேறினாள்.

"ஏட்டி."

மகள் வாசலில் நின்றாள்.

"கோட்டைக் கசக்கிப்புடாத. நாளைக்கு வாய்தா இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. ரோஸ்லின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்த சத்தம் கேட்டது.

படுக்கை உள்ளே நகர்ந்தது. கனத்த கண்ணாடிக்கு அப்பால் வடிவு பையைத் திறந்துகொண்டிருந்தாள்.