தனியே மூன்று மணித்தியாலம்

"தனியத்தான் வேணுமே? ஸ்டேசன் மட்டுமாவது ரெண்டு பேருமாப் போவமே?" படலையடியில் நின்று பாலேஸ்வரி கேட்டாள்.

"டொக்டர் ஸாலிஹ் என்ன சொன்னவர்? ஒரு அடியும் சேர்ந்து வைக்கப்படாது எண்டெல்லே சொன்னவர்." சிவபாதசுந்தரம் மனைவியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"இடையில அது வந்திட்டால்?"

"வரட்டும். நீர் வெளிக்கிடும், ரயில் போயிடும்."

பக்கத்து வீட்டு மாக்ரெட் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ன மிஸிஸ் சிவபாதம், தனியாவா போறீங்க? வழியில ஏதும் ஆனா?"

"கொட்டாஞ்சேனை அக்கா வீட்டுக்குத்தான். மூண்டு மணித்தியாலத்தில வந்திடுவன்" என்று மட்டும் சொல்லிவிட்டு பாலேஸ்வரி நடந்தாள். திரும்பிப் பார்த்தால் கால் நகராது என்று அவளுக்குத் தெரியும்.

ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டுக்காகக் கொழும்புக் கோட்டையெல்லாம் விளக்கேற்றியிருந்த வாரம் தொடங்கியது இது. திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்கும். விரல்கள் விறைக்கும். தொண்டைக்குள் ஏதோ அடைத்துக்கொள்ளும். 'இந்தா, மூச்சு நிக்கப் போகுது' என்ற பயத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. ஐந்து டொக்டர்கள் பார்த்தார்கள். நெஞ்சைப் படமும் எடுத்தாயிற்று. "ஒரு நோய் வருத்தமும் இல்லை, வீண் கற்பனை" என்று ஐந்து பேரும் ஒரே மாதிரிச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தக் கற்பனை எந்த நேரம் வருமென்று தெரியாமல், பதினான்கு மாதமாகப் புருசனும் பெண்சாதியும் ஒருவர் நிழலில் ஒருவர் இருந்தார்கள். ரயில்வே கந்தோரில் வேலை பார்த்த சிவபாதசுந்தரம் நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு தங்கிவிட்டார். "பெண்சாதிக்காக இப்படி இருக்கிற மனுசனை எங்கேயும் காணேலாது" என்று வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கை முழுவதும் அவரை மெச்சியது.

ஆறாவதாக வந்தவர்தான் டொக்டர் ஸாலிஹ். அவர் கற்பனை என்று சொல்லவில்லை.

"நெஞ்சு அடிக்கிறதும் உண்மை, பயமும் உண்மை" என்றார். "ஆனா இது ஆளைக் கொல்லாது. ஏறும், பிறகு தானா இறங்கும். பக்கத்தில ஒராள் கையைப் பிடிச்சிக்கொண்டு இருக்கும்வரை அது தானா இறங்கும் எண்டது தெரியவே வராது. சனிக்கிழமை மூணு மணித்தியாலம் தனிய இருந்து பழகுங்க. அதுதான் மருந்து."

பம்பலப்பிட்டியில் ரயில் நின்றபோது பாலேஸ்வரியின் உள்ளங்கை குளிர்ந்து போயிருந்தது. நெஞ்சு அடிக்கும் சத்தம் அவள் காதுக்கே கேட்டது. இறங்கி அடுத்த ரயிலில் திரும்பிவிடலாமா? எழுந்தேவிட்டாள்.

"மேலுக்கு சரியில்லையா மகள்?" எதிரே கூடையோடு இருந்த அஸீஸா என்ற முஸ்லிம் அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"அப்பிடி ஒண்டுமில்லை... எங்கட வீட்டில நெஞ்சு வருத்தம். இண்டைக்குத்தான் முதன்முதலாத் தனிய விடச் சொன்னவை."

"அப்ப எறங்க வாணாம். இண்டைக்குத் திரும்பினா இனி ஒரு நாளும் ஏலாமப் போகும். இப்பிடி என்ட பக்கத்தில வந்து இரிங்க, மகள்."

ரயில் நகர்ந்தது. பாலேஸ்வரி இருந்தாள். கோட்டையில் இறங்கி ட்ராமில் ஏறினாள். கொட்டாஞ்சேனையில் அக்கா சிவக்கொழுந்து கதவைத் திறந்து, கண்ணை நம்பாமல் ஒழுங்கையின் இரு பக்கமும் பார்த்தாள்.

"தனியவே வந்தனீ?"

"ஓம் அக்கா. தனிய."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். தேத்தண்ணி வந்தது, பலகாரம் வந்தது. பாலேஸ்வரிக்கு ஒன்றும் இறங்கவில்லை. கண் சுவர் மணிக்கூட்டிலேயே இருந்தது.

"அவசரமெண்டால் வெளிக்கிடன்" என்றாள் அக்கா.

"இல்லை. நேரத்துக்கு முந்திப் போகவும் கூடாதாம்." மணிக்கூட்டு முள் நகரும்வரை அவள் கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

திரும்பி வந்தபோது வெள்ளவத்தை ஒழுங்கையில் அவள் ஏறக்குறைய ஓடினாள். மாக்ரெட் வாசலிலேயே காத்திருந்தாள். "வந்திட்டீங்களா! ஒரு துணையும் இல்லாமப் போயிட்டு வந்திட்டீங்களே. நீங்க கெட்டிக்காரி, மிஸிஸ் சிவபாதம்!"

பாலேஸ்வரியின் கண் தன் வீட்டுக் கதவில் இருந்தது. கதவு திறந்தது. சிவபாதசுந்தரம் படியிறங்கி வந்தார். வேர்வையில் நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் வெளிறியிருந்தது. ஆனால் இத்தனை மாதத்தில் அவர் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்று அவள் பார்த்ததில்லை.

"கேளுங்கோ, மாக்ரெட்" என்றார், ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி. "வருத்தக்காரன் நான்தான். தனிய இருந்தால் செத்துப்போவன் எண்டு பதினாலு மாசமா இவவைப் படலை தாண்ட விடேல்லை. என்ர மானத்துக்காக இவ வருத்தக்காரி எண்ட பேரைத் தான் சுமந்தவ. இண்டைக்கு அது ரெண்டு தரம் வந்தது, உங்களைக்கூடக் கூப்பிடாமல், வீட்டில தனிய இருந்து ரெண்டு தரமும் அனுப்பி வைச்சனான்!"