கறுப்புச் சட்டையின் இரண்டு தோள்கள்

பொடுகு குறைந்ததும் அறவாழி தன் கறுப்புச் சட்டையைப் பீரோவிலிருந்து எடுத்து மாட்டத் தொடங்கினான். அன்றே குளியலறையில் சண்டை மூண்டது.

"நான்தான் போக்கினேன்" என்றது கிண்ணத்தில் இருந்த வெந்தய விழுது.

"உன் வழவழப்புக்கு எந்தப் பொடுகு பயப்படும்? என் கசப்புதான் விரட்டிச்சு" என்றது பக்கத்துக் கிண்ணத்து வேப்பிலை விழுது.

கதவில் தொங்கிய கறுப்புச் சட்டையிடம் இரண்டும் நியாயம் கேட்டன.

"சேர்ந்தே தலைக்குப் போனா நான் யாரைச் சொல்றது? இந்த ஞாயித்துக்கிழமை இடப்பக்கம் வெந்தயம், வலப்பக்கம் வேப்பிலை. என் தோளைப் பார்த்துச் சொல்றேன்" என்றது சட்டை.

ஞாயிறன்று இரண்டும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தன. அறவாழியின் மனைவி குழலி எப்போதும்போல் பத்து நிமிடம் தேய்த்து, ஷாம்பு போட்டு, பிசுக்குப் போக அலசிவிட்டாள். மறுநாள் சட்டை வேலைக்குப் போய்த் திரும்பியது. இரண்டு தோளும் சுத்தம்.

"பார்த்தியா!" என்று கிண்ணங்களில் மிச்சமிருந்த இரண்டும் ஒரே நேரத்தில் கத்தின.

சட்டைக்குச் சிரிப்பு வந்தது. "கோவிச்சுக்காதீங்க, கண்ணுங்களா. அடுத்த வாரம் நீங்க ரெண்டு பேருமே போக வேணாம். குழலி வெறுமனே தேய்ச்சு, ஷாம்பு போட்டு அலசட்டும். அப்பவும் என் தோள் சுத்தமா இருக்கான்னு பார்த்துடலாம்."



பிறகு வேப்பிலையின் கிண்ணம் மெல்ல வெந்தயத்தின் பக்கம் நகர்ந்தது.

"அக்கா, நமக்குள்ள எதுக்குச் சண்டை? ரெண்டு பேரும் சேர்ந்துதான் போக்கினோம்னு சொல்லிடுவோம்."