அவன் கேட்ட கேள்வி

“நாலு நாளாச்சுகா. சிவதர்ஷன் என்ட பக்கம் திரும்பியே பாக்கல்ல,” என்றாள் விதுர்ஷா.

தனுஷா இரசாயனவியல் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஏன், பாக்கோணுமா?”

“முந்தி பாத்தவன்தானே. வகுப்பு முடிஞ்சா நம்மட பின்னாலதான் படகுத் துறைவரைக்கும் வருவான். இப்ப கண்டா சைக்கிள மற்றப் பக்கம் திருப்புறான். நீ ஏதும் சொன்னியா?”

“நான் என்னத்தச் சொல்ல?”

இருவரின் அம்மாமாரும் அக்கா தங்கை. ஒரே வளவில் இரண்டு வீடு. ஆனால் தெருவில் போகிறவன் எவனும் விதுர்ஷாவைத்தான் பார்ப்பான். தனுஷா அதற்குப் பழகிப்போயிருந்தாள், சிவதர்ஷன் வரும்வரைக்கும்.

அவன் மண்டூரான். வாவியின் அக்கரையிலிருந்து பாதைப் படகில் வகுப்புக்கு வருபவன். ஒருநாள் மழைக்குத் தனுஷாவின் குடையை இரவல் வாங்கிப் போனவன், கழன்று கிடந்த கம்பியை நூலால் கட்டிக் கொண்டுவந்து தந்தான். அதன்பிறகு மழை இல்லாத நாளிலும் அவள் அந்தக் குடையைப் பிடித்தாள்.

அவன்தான் போன கிழமை அவளிடம் கேட்டான்: “விதுர்ஷா என்ன குடி?”

தனுஷாவுக்கு நெஞ்சு எரிந்தது. ஒரு பெடியன் ஒரு பெட்டையின் குடியை, தாய்வழி வம்சத்தை, விசாரிப்பது சும்மா இல்லை. தாய்க்கு எந்தக் குடியோ பிள்ளைக்கும் அதே. ஒரே குடி என்றால் ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை. கலியாணப் பேச்சே கிடையாது.

“முதல்ல உங்கட குடியச் சொல்லுங்க,” என்றாள்.

சொன்னான். வேறு குடிதான். ஆனாலும் அவன் சொன்ன பெயரையே விதுர்ஷாவின் குடி என்று அவள் சொன்னாள்.

அன்றிலிருந்து அவன் விதுர்ஷாவைப் பார்க்கவில்லை. தன்னையும் பார்க்கவில்லை என்பதைத் தனுஷா பெரிதாக எடுக்கவில்லை. கவலை ஆறினால் பார்ப்பான்.

விதுர்ஷா இதைக் கேட்ட அடுத்த நாள் அவளுக்குக் காய்ச்சல். தனுஷா தனியே வந்தாள். துறையில் சிவதர்ஷன் படகுக்குக் காத்து நின்றான்.

“விதுர்ஷா வரல்லயா?”

இன்னுமா அவள் பெயர்? தனுஷாவால் பொறுக்க முடியவில்லை. “அவ வந்தா என்ன, வராட்டி என்ன? உங்களுக்கும் அவவுக்கும் ஒரே குடி. தங்கச்சி முறைதானே.”

“ஓம்.” அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு படகில் ஏறினான். ஏறிய பிறகுதான் திரும்பினான்.

“உங்கட குடிய நேரா உங்களிட்டக் கேக்க வெக்கமா இருந்திச்சு. அவட குடிதானே உங்களுக்கும், அதான் அவட பேரச் சொல்லிக் கேட்டன். சரி, போயிற்று வாறன், தங்கச்சி.”