மகன் போட்ட தோடு

மகன் நிரோஜனின் காதுகளில் தோட்டைக் கண்டதும் றொபேட்டுக்கு விசர் வந்துவிட்டது.

"கழட்டடா அதை! நகத்துக்குப் பூச்சு வேற. பேசாலைச் சனம் என்ன கதைக்கும்?"

"எனக்குப் பிடிச்சிருக்கப்பா. எங்கட பெடியள் ஒருத்தரும் இதைப் பெரிசா எடுக்கிறேல்லை."

"ஆம்பிளை ஆம்பிளையா இருக்கவேணும்! உன்ர வயசில நான் தனியக் கடலுக்குப் போனனான். கழட்டு, இல்லாட்டி வீட்டை விட்டு வெளிக்கிடு!"

"ஆடாமல் நில்லுங்கோப்பா, கொசுவம் குலையுது."

கோயிலடியில் மத்தளம் முழங்கத் தொடங்கியது. இருபது வருசமாய்த் திருநாள் கூத்தில் ராணியாய் ஆடும் றொபேட், சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். பிறகு மகனின் காதைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"கழட்டித் தாவன் ராசா. இந்தச் சேலைக்கு அதுதான் எடுப்பு."