நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

சைட் கேட்டுக்கு வெளியே மூன்று கான்கிரீட் லாரிகள் பெரிய வயிற்றை உருட்டிக்கொண்டு நின்றன. இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டாவிட்டால் உள்ளே இருப்பது கல்லாகிவிடும்.

மதிவதனி கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.

அவள் கம்பெனி தரப்பு இன்ஜினியர். அவள் கையெழுத்துப் போட்டால்தான் தளம் போட முடியும். கம்பி கட்டியது சரி, சென்ட்ரிங் அடித்தது சரி. எல்லாம் ஏறிப் பார்த்துவிட்டாள். ஆனாலும் பேனாவைத் திறக்கவில்லை.

"இன்னா மேடம் குறை?" என்றார் கான்ட்ராக்டர் தாண்டவராயன்.

"குழந்தைங்க கொட்டகை எங்க சார்?"

மறுபடியும் அதே கேள்வி. ஒரகடம் பக்கம் பதினெட்டு வருஷமாகத் தாண்டவராயன் கம்பெனி ஷெட் கட்டுகிறார். இவளைத் தவிர இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. தவிர, இந்த சைட்டில் குழந்தையே கிடையாது. 'குழந்தைகளுடன் உள்ளே வரக்கூடாது' என்று கேட்டில் போர்டு மாட்டியதே அவர்தான்.

மதிவதனி ஒப்பந்த ஃபைலைப் பிரித்துக் காட்டினாள். பக்கத்தின் அடியில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருந்தாள்.

பக்கம் நூற்றுப் பன்னிரண்டு, நிபந்தனை நாற்பத்தாறு. வேலையாட்களின் சின்னப் பிள்ளைகளுக்கு நிழல், தொட்டில், குடிதண்ணீர், பார்த்துக்கொள்ள ஒரு பெண். முதல் தளம் போடும் முன் ஒப்பந்ததாரர் செய்து தர வேண்டும்.

மேஸ்திரி ஜெபகுமார் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "எங்கியோ காப்பி அடிச்சிகிறாங்கண்ணா. பன்னெண்டாம் பக்கத்துல பாரு, கடல் காத்துக்குத் துரு ஏறாத பெயின்ட் அடிக்கணும்னு கீது. வல்லக்கோட்டைல ஏதுண்ணா கடல்?"

அதுவும் உண்மைதான். அப்படியானால் எது அவர் செய்ய வேண்டியது, எது கைதவறி வந்தது?

வரைபடத்தில் கொட்டகை இல்லையே என்றார் தாண்டவராயன். வரைபடமும் எழுத்தும் மோதினால் வரைபடம்தான் செல்லும், அந்த ஒரு வரி அவருக்கு மனப்பாடம். மோதினால்தானே சார் என்றாள் அவள். வரைபடம் வேண்டாம் என்று சொல்லவில்லை, சும்மா இருக்கிறது. சும்மா இருப்பது மோதல் ஆகாது. ஏதாவது ஒரு தாளில் இருந்தாலும் செய்துதான் ஆக வேண்டும்.

அளவுப் பட்டியலிலும் இல்லையே என்றார். அதற்கும் அதே பதில். அவருக்குத் தலை சுற்றியது. வெளியே லாரியின் வயிறும் சுற்றிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மாசமா இதையே கேக்குறீங்களே மேடம். நான் இன்னா சொன்னேன்?"

"அக்ரிமெண்ட்ல இருந்தா காட்டுங்க, உயிரைக் குடுத்தாவது செய்யறேன்னு சொன்னீங்க. காட்டிட்டேன்."

ஒன்றே கால் மணி நேரத்தில் கொட்டகை எழுந்தது. நாலு சாரக் குழாய், மேலே தகரம், சுற்றிலும் பச்சை வலை, ஒரு புடவைத் தொட்டில். தூண்களுக்குத் தண்ணீர் ஊற்றும் கோவிந்தம்மாவை உள்ளே உட்கார வைத்தார்கள். காலித் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

மதிவதனி வந்து குழாயை ஆட்டிப் பார்த்தாள். கேட்டில் இருந்த போர்டைக் கழற்றச் சொன்னாள். கையெழுத்துப் போட்டாள்.

பேப்பர் பைத்தியம் என்று ஜெபகுமார் முணுமுணுத்தான். கொத்தனார்கள் சிரித்தார்கள்.

சாயங்காலம் பிள்ளைப்பாக்கத்து ஆபீசில் தாண்டவராயன் தன்னுடைய ஒப்பந்தப் பிரதியைத் தேடி எடுத்தார். அவர் அதை ஒருநாளும் படித்ததில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அடியில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியிருந்தார். அது வழக்கம். இன்னும் வேறென்னவெல்லாம் ஒளிந்திருக்கிறதோ என்ற பயத்தில் புரட்டினார்.

நிபந்தனை நாற்பத்தைந்து. பக்கம் நூற்றுப் பதினொன்று. அதோடு முடிந்தது.

பின்னட்டையைத் தடவிப் பார்த்தார். எந்தத் தாளும் கிழிந்து விழுந்த மாதிரி இல்லை.

ரெண்டு மாசமாகக் கேட்டவள் ஏன் இன்றைக்குத்தான் காட்டினாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் கட்டைவிரல் எதை மறைத்தது என்பதும்.

கம்பெனி மேனேஜர் காலை பத்து மணிக்கு வருவார். பிரதியை அவர் மேஜையில் வைத்தால் போதும். அன்றோடு அவள் வேலை போய்விடும்.

மறுநாள் பிரதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எட்டரைக்கே சைட்டுக்கு வந்தார். கொட்டகையைத் தாண்டும்போது கால் நின்றது. உள்ளே ஏழு குழந்தைகள்.

இல்லாத குழந்தைகள் எங்கிருந்து வந்தன?

சித்தாள் மீனம்மாள் மகளைத் தொட்டிலில் போட்டுக்கொண்டிருந்தாள். ரெண்டு வயசு இருக்கும். கணுக்காலைச் சுற்றிக் கொலுசு போட்ட இடம் மாதிரி கறுப்பாக ஒரு தழும்பு. என்ன அது என்று கேட்டார்.

"கயிறு சார். வடக்குப்பட்டு ரூம்ல கட்டிப் போட்டுட்டு வருவேன். வாசல் தாண்டுனா லாரி ரோடு. உள்ள கொண்டாரக்கூடாதுன்னு போர்டு வச்சிருந்தாங்களே." குழந்தையின் காலை மூடினாள். "இன்னிக்குத்தான் அவுத்தேன்."

தாண்டவராயன் சைட் ஆபீசுக்குள் போனார். அவர் கக்கத்தில் இருந்ததைப் பார்த்ததும் மதிவதனி எழுந்து நின்றுவிட்டாள்.

அவர் உட்கார்ந்து அவளுடைய ஃபைலை இழுத்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கட்டைவிரல் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். பையைத் துழாவி முத்திரையை எடுத்து அழுத்திக் குத்தினார்.

"இந்த ஒரு பக்கத்துல வுட்டுட்டேன் போல மேடம்," என்றார். "என் காப்பில இது எங்கியோ கிழிஞ்சி வுழுந்துட்ருக்கு. ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க."