மூன்றாவது மாட்யூல்

"நீங்க உள்ள உக்காந்து கேளுங்க சார். கதவைச் சாத்திட்டு நான் வெளியில நிக்கிறேன்."

ஆம்ப்ளிஃபயர் கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தச் சின்ன அறைக்குள் சத்தம் கேட்டுப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஸ்பீக்கருக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணை மூடித் தலையாட்டியவர்கள்தான். வெளியே நிற்கிறேன் என்று சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

"வாங்குறது நீ. கேக்குறது நானா?"

"எனக்கு இல்ல சார். எனக்குத் தலைவலி குடுக்குற ஒருத்தருக்கு."

விஷயத்தை அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அந்த மனிதரிடம் பழைய ஆம்ப் ஒன்று இருக்கிறது. ராத்திரியானால் அதைப் போட்டுவிடுகிறார். சுவர் அதிர்கிறது, மேஜை அதிர்கிறது, படித்ததெல்லாம் மண்டையை விட்டு ஓடுகிறது. அடுத்த வாரம் அவளுக்கு வேலைக்கான பரீட்சை. அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆளும் அவள்தான், இந்தப் பரீட்சை எழுதப்போகும் முதல் ஆளும் அவள்தான். தூக்கமில்லாமல் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"அப்பாவா, மாமனாரா?" என்று கடைக்காரர் இழுத்தார். ஆளைப் பார்த்துச் சத்தம் மாறுமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். மாமனார்தான் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார்.

சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தாளா என்று விசாரித்தார்.

"கதவைத் தட்டினேன். பாட்டுச் சத்தத்துல அவருக்குக் கேக்கல."

"பாட்டுன்னா உசுரா இருக்கிற ஆளு. மனசு நல்லாத்தான் இருக்கும்."

"அப்படின்னு அவரும் நினைச்சுக்கிட்டுதான் இருக்காரு."

கடைக்காரர் சிரித்தார். பழைய ஆம்ப்களின் குணமே அப்படித்தான், நன்றாகத் திருகினால்தான் பாட்டில் உயிர் வரும் என்று அந்த முகம் தெரியாத மாமனாருக்காகக் கொஞ்சம் வாதாடினார். பிறகு மூன்று ஆம்ப் மாட்யூல்களை மேஜையில் வரிசையாக வைத்தார். மூன்றும் கிளாஸ் டி என்ற புது ரகம். உள்ளங்கை அகலச் சர்க்யூட் பலகைகள். கரண்ட் குறைவு, சூடு குறைவு என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஆரம்பித்தார்.

"அதெல்லாம் படிச்சுட்டுதான் வந்தேன். பாட்டைப் போடுங்க."

ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு. நிபந்தனையும் ஒன்றுதான்: வால்யூம் குமிழ் கால்வாசியைத் தாண்டக் கூடாது. அவருக்குப் பாதி உற்சாகம் வடிந்துவிட்டது. ஆம்பை யாராவது இவ்வளவு சன்னமாக வைத்துக் கேட்பார்களா? பெண்களுக்கே பாட்டு ரசனை கொஞ்சம் மட்டுதான் என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார். அவள் காதில் விழுந்தது. கதவைச் சாத்தினாள், கொஞ்சம் பலமாகவே.

முதல் மாட்யூலில் பாட்டு போர்வைக்குள் இருந்து வந்தது. தாளம் மட்டும் தொம் தொம் என்றது, பாடகியைக் காணோம். பல்லவி முடிவதற்குள் அவர் கை தானாகக் குமிழுக்குப் போனது. கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து அவள் விரலை ஆட்டினாள். கையை இழுத்துக்கொண்டார்.

இரண்டாவது தெளிவு. ஆனால் தெளிவென்ற பெயரில் தகர டப்பாவைச் சுரண்டியது. அவர் முகத்தைச் சுளித்தார். கை மறுபடியும் குமிழுக்குப் போனது. வெளியே விரல் மறுபடியும் ஆடியது.

மூன்றாவதைப் போட்டார். பாடகி அடி எடுப்பதற்கு முன் மூச்சிழுத்தது கேட்டது. தந்தியில் விரல் வழுக்கியது கேட்டது. கடைக்காரர் முன்னால் சாய்ந்தார். கை தொடையிலேயே தாளம் போட்டுக்கொண்டு கிடந்தது, குமிழ் இருக்கும் பக்கமே போகவில்லை. பாட்டு முடிந்து அவள் உள்ளே வந்து நின்றதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"இவ்வளவு சின்னச் சத்தத்துக்கு இத்தனை கேக்குதே" என்றார், தனக்குள்ளேயே. "கடையில எப்பவும் முழுசாத் திருகித்தான் காட்டுவேன். இப்படி வெச்சு நானே கேட்டதில்ல."

வெளியே ஒன்றுமே கேட்கவில்லை என்று அவள் சொன்னாள். முதல்முறையாக அவள் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

"இதையே குடுங்க. ஆனா இதை அவரு கண்டிப்பா மாட்டிக்கணும். பழசுக்கே திரும்பிட்டாருன்னா என் பரீட்சை அவ்வளவுதான்."

"இதை ஒரு தடவை கேட்ட காது பழசுக்குப் போகுமா? போனா என்னைக் கேளு."

"கேப்பேன்" என்றாள் அவள்.

பவர் சப்ளையோடு சேர்த்து அழகான பெட்டிக்குள் பொருத்தி, ஒயர்களை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்து மூடினார். பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகு அவருக்கு அந்த மாமனார் மேல் திடீரென்று கோபம் வந்துவிட்டது.

"படிக்கிற பொண்ணு இருக்கிற இடத்துல ராத்திரியெல்லாம் அலற விடுறாரே, அவரெல்லாம் ஒரு மனுஷனா? நானே வீட்டுக்கு வந்து மாட்டித் தரேன். அவருக்கு உறைக்கிற மாதிரி நாலு வார்த்தையும் சொல்லிட்டு வரேன். அட்ரஸ் சொல்லும்மா."

அவள் பெட்டியை அவர் பக்கமே தள்ளினாள்.

"உங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க சார். உங்களுக்கு நேர் கீழ் வீட்டுல போன மாசம் குடிவந்தது நான்தான். அந்த நாலு வார்த்தையை மட்டும் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்குங்க."