செவுள்தாள்

முத்துக் குளிப்பவனின் கயிற்றை மச்சினன்தான் பிடிப்பான். அக்காளின் தாலியை அவன் கைவிடமாட்டான் என்ற நம்பிக்கை. இப்போது கயிறு இல்லை. கடல்நீரிலிருந்து மூச்சுக்காற்றைப் பிரித்துத் தரும் செவுள்தாள் வந்துவிட்டது.

தூத்துக்குடிப் பட்டறையில் ஜெனோவா தன் புருஷனுக்காகப் பிளாஸ்டிக் கரைசலைக் கண்ணாடியில் வார்த்தாள். அது காயக் காய, கண்ணுக்குத் தெரியாத துளைகள் தாமாகவே அணிவகுத்தன. ஓர் ஓரம் மட்டும் லேசாக மங்கியிருந்தது. கிழித்துப் போட்டாள்.

"செக் பண்ணுத மெஷினே பாஸ் பண்ணிட்டுல்லா? ஏம்மா வேஸ்ட் பண்ணுத?" என்றார் மேஸ்திரி.

"மெஷினோட புருசனா கடலுக்குள்ள எறங்குதான்?" என்றவள், மறுபடி வார்த்தாள்.

மறுநாள் நடுக்கடலில் அவள் புருஷன் ரெமிஜியுஸ் புதுத் தாளை முகத்தில் மாட்டினான்.

"யாரு வாத்தது மச்சான்?" என்றான் படகிலிருந்த ஜெனோவாவின் தம்பி.

"ஒங்கக்காதாம்ல."

ரெமிஜியுஸ் குதித்தான். தம்பி நிம்மதியாகச் சோற்றுச் சட்டியைத் திறந்தான்.